அத்தியாயம் 6: ஆம்னி பஸ்ஸில் ஒரு வேற்றுமை உருபு

திருத்தணியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜாப் டைப்பிங் மேசை போட்டவர்களுக்கு ஜூன் என்றால் ‘போனஃபைடு’ மாதம். “அண்ணே, காலேஜ்ல போனஃபைடு கேக்கணும், ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க” என்று பையன் வந்து நிற்பான். நகரி, புத்தூர் பக்கத்துப் பையனாக இருந்தால் “அண்ணா” என்று தொடங்கிப் பாதி தெலுங்கில் முடிப்பான். எந்த மொழியில் கேட்டாலும் கையிலுள்ள துண்டுச்சீட்டில் இருக்கும் பிழை ஒன்றுதான். சொல்லின் கடைசி நான்கு எழுத்துகள் எஃப், ஐ, ஈ, டி என்று இருக்கும். ‘சர்ட்டிஃபைடு’, ‘குவாலிஃபைடு’ எழுதிப் பழகிய கை.

மேலே போகும்முன் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதினால் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு ஒரே பெயர் வந்துவிடுகிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் நெடிலாக ‘டீ’ என்றால் டீக்கடையின் முதல் எழுத்து. குறிலாக ‘டி’ என்றால் டில்லியின் முதல் எழுத்து.

போனஃபைடின் சரியான முடிவு எஃப், ஐ, டி, ஈ. உண்மையில் அது இரண்டு சொல். லத்தீனில் ‘போனா’ என்றால் நல்ல. ‘ஃபிடெஸ்’ என்றால் நாணயம், நம்பிக்கை. ஃபிடெஸ் எழுவாய் வடிவம். கடைசி ‘எஸ்’ உதிர்ந்து ‘ஃபிடே’ ஆனால் ‘நாணயத்தோடு’ என்று பொருள் மாறிவிடும். ‘போனா ஃபிடே’ என்றால் ‘நல்ல நாணயத்தோடு’. நம்முடைய ஆல், ஓடு என்ற மூன்றாம் வேற்றுமை உருபுகள் பார்க்கிற வேலையைத்தான் அந்த ‘ஈ’ பார்க்கிறது. அதை இடம் மாற்றிப் போட்டால் உருபு ஆங்கில இறந்தகால விகுதியாகிவிடுகிறது. ‘போனஃபை’ என்று ஒரு வினைச்சொல் எந்த அகராதியிலும் இல்லை.

எட்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவருக்கு லத்தீன் அவ்வளவு அந்நியம் இல்லை. ஆங்கிலேயப் பிள்ளைக்கு இது கஷ்டம். அவன் மொழியில் பெயர்ச்சொல்லின் வேற்றுமை முடிவுகள் என்றோ தேய்ந்துபோய்விட்டன. நமக்கு ராமனை, ராமனால், ராமனுக்கு என்று சொல்லின் வாலில்தான் எல்லாமே. இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் பஸ் ஸ்டாண்டு.

லத்தீனில் ‘ஆம்னிஸ்’ என்றால் எல்லாம். அதன் பன்மை நான்காம் வேற்றுமை ‘ஆம்னிபுஸ்’: எல்லோருக்கும். 1820களில் பிரான்சில், காசு கொடுக்கிற யாரும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் அதே பெயரில் லண்டனில் வண்டி விட்டார். ஜனங்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்லப் பொறுமை இல்லை. தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால்தான் ‘பஸ்’. அதாவது ‘க்கு’. நாம் தினமும் ஒரு நான்காம் வேற்றுமை உருபில் ஏறித்தான் அரக்கோணம் போய் வருகிறோம்.

தமிழ்நாட்டில் கதை இன்னும் வேடிக்கை. ராத்திரி ஓடும் தனியார் வண்டியை நாம் ‘ஆம்னி பஸ்’ என்கிறோம். வெட்டிய தலையை மறுபடி வாலோடு ஒட்டி, நடுவில் ஓர் இடைவெளி மட்டும் விட்டிருக்கிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இது ஒரே சொல்லாகவே இருக்கிறது: ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்த எந்த வண்டியும் ‘ஆம்னிபஸ்’. சட்டத்தை மேற்கோள் காட்டி மனு அடிக்கும்போது இடைவெளி விடாதீர்கள். டிராவல்ஸ் போர்டு என்றால் விட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

தமிழையும் லத்தீனையும் இப்படிப் பக்கத்தில் வைப்பது என் சரக்கு அல்ல. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. எழுதிய மொழி லத்தீன். வீரமாமுனிவரும் பேச்சுத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என்று இலக்கணங்களை லத்தீனில்தான் எழுதினார். பாதிரிமார் லத்தீன் வழியாகத் தமிழுக்குள் வந்தார்கள். அதே பாதையில் நாம் எதிர்த்திசையில் போகப்போகிறோம்.

கோர்ட்டு வினைச்சொற்கள்

மனு எழுதுகிறவர்கள் பெயர்ச்சொல் என்று நினைத்துப் புழங்கும் பல சொற்கள் லத்தீனில் வினைமுற்றுகள். ‘அஃபிடவிட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழு வாக்கியம்: ‘உறுதி கூறியிருக்கிறார்.’ யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை; தமிழில் ‘வந்தார்’ என்றாலே ஆள் தெரிவதுபோல, கடைசியில் நிற்கும் ‘டீ’ படர்க்கை ஒருமை விகுதி. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை அதை ‘டேவிட்’ என்ற பெயர்போல எழுதி ‘டி’யில் முடிப்பது. விகுதி போனால் உறுதி கூறிய ஆளும் போய்விடுகிறார். ‘எஃப்’ இரண்டு வரவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

‘கேவியட்’ வியங்கோள் வினைமுற்று. ‘அவர் எச்சரிக்கையாக இருப்பாராக’ என்று பொருள். எதிர்த்தரப்பு உங்களுக்குச் சொல்லாமல் போய்த் தடையாணை வாங்கிவிடக் கூடாது என்று முன்கூட்டியே போடும் மனுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் வருகிறது. ஆயுள் 90 நாள். ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ஸும் இதே வகைதான், ஆனால் முன்னிலை: ‘நீ ஆளைக் கொண்டிருப்பாயாக.’ அதில் ‘ஹேபியஸ்’ ஈ, ஏ, எஸ் என்று முடியும். அடுத்த சொல்லின் ‘யூ’ இதற்கும் தாவிவந்து ஒட்டிக்கொள்வதை ஊர்முழுக்கப் பார்க்கிறேன்.

‘வைடி’ ஏவல். ‘பார்’ என்று அர்த்தம். அரசாணை எண்ணுக்கு முன்னால் அதைப் போட்டால் ‘இந்த ஆணையைக் காண்க’ என்றாகிறது, சரி. ஆனால் நம் ஆபீஸ் ஆங்கிலத்தில் அது ‘மூலமாக’ என்று மாறிவிட்டது. ‘காசோலை வைடி பணம் செலுத்தப்பட்டது’ என்று எழுதினால் ‘காசோலையைப் பார், பணம் செலுத்தப்பட்டது’ என்றாகும். அங்கே ‘பை’ என்ற சின்ன ஆங்கிலச் சொல் போதும். டாக்டர் சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலில் கோடு கிழித்ததுபோல ஒரு குறி இருக்கிறதே, அதுவும் ஏவல்தான். ‘ரெசிபே’ என்பதன் சுருக்கம், ‘எடுத்துக்கொள்’. சமையல் குறிப்பை ‘ரெசிபி’ என்பதும் இதே சொல். ‘வீடியோ’வுக்கு லத்தீனில் ‘பார்க்கிறேன்’ என்று பொருள், தன்மை ஒருமை. கல்யாண வீட்டில் கேமராவைத் தோளில் வைத்திருப்பவரைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார்.

இனி என் குட்டு. ‘தாமாக முன்வந்து’ கோர்ட்டு எடுக்கும் வழக்குக்கு லத்தீனில் ‘சூவோ மோட்டு’. முதல் சொல் ‘ஓ’வில் முடியும், இரண்டாவது ‘யூ’வில். நான் பத்து வருஷம் இரண்டையும் ‘ஓ’விலேயே அடித்துக்கொண்டிருந்தேன். எதுகை மோனைக்குப் பழகிய காதுக்கு அதுதான் இனிமை. ஒருநாள் ஒரு வக்கீலம்மா பிரதியைத் திருப்பிப் போட்டு, “என்னங்க இது, போட்டோ மாதிரி இருக்கு” என்றார். ‘மோட்டுஸ்’ என்றால் அசைவு. அந்த வகைப் பெயர்ச்சொல் ‘ஆல்’ பொருளில் ‘மோட்டு’ ஆகும். ‘சூவோ’ வேறு வகை, அதனால் அதன் முடிவும் வேறு. தமிழில் ‘மரம்’ ‘மரத்தால்’ ஆகிறது, ‘கல்’ ‘கல்லால்’ ஆகிறது. எல்லாம் ‘த்தால்’ என்றே முடியவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் எப்படி இருக்கும்?

இந்த ‘ஆல்’ குடும்பத்தில் இன்னும் சில உண்டு. பிராக்டிகல் பரீட்சையில் பிள்ளைகள் பயப்படும் ‘வைவா’, ‘வைவா வோசி’யின் பாதி: உயிருள்ள குரலால். விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு தரும் ‘எக்ஸ் கிரேஷியா’ ‘கருணையிலிருந்து’ தருவது. உரிமையாகக் கேட்கும் இழப்பீடு வேறு. மனுவில் இரண்டையும் குழப்பினால் வெறும் எழுத்துப் பிழையோடு போகாது, கேட்கும் தொகையின் தன்மையே மாறிவிடும். ‘ப்ரோ ஃபார்மா’வைப் ‘பெர்ஃபார்மா’ என்று அடிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மேலிடத்துச் சுற்றறிக்கையிலேயே அப்படி வந்தாலும் நீங்கள் சரியாக அடித்து அனுப்புங்கள்.

மரியாதைப் பன்மை கிடையாது

ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். பள்ளி ஆண்டுவிழா என்றால் பேனரில் ஒரு பெரியவர் படம், கீழே ‘நம் பள்ளியின் அலும்னை’ என்று ஆங்கிலத்தில். அலும்னை பலர்பால். படித்த ஒரு ஆண் ‘அலும்னஸ்’, ஒரு பெண் ‘அலும்னா’, பல பெண்கள் மட்டும் என்றால் ‘அலும்னே’, கலந்திருந்தால் ‘அலும்னை’. ஊட்டி வளர்ப்பது என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல். பள்ளி ஊட்டி வளர்த்த பிள்ளை.

ஏன் நமக்கு மட்டும் இந்தப் பிழை இவ்வளவு சுலபமாக வருகிறது? சோம்பேறித்தனம் என்று வாத்தியார்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழில் ஒருவரை ‘வந்தார்’ என்று பன்மை வடிவத்தில் சொன்னால்தான் மரியாதை. ‘முன்னாள் மாணவன்’ என்று ரிட்டயர்டு தாசில்தாரைப் பேனரில் போட முடியுமா? ‘முன்னாள் மாணவர்’ என்றுதான் போடுவோம். அந்த ‘ர்’ உணர்ச்சி ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. லத்தீனில் அந்த வசதி இல்லை. ஜூலியஸ் சீசரே ஆனாலும் ‘வந்தான்’தான். தயங்குகிறவர்கள் ‘ஓல்டு ஸ்டூடண்ட்’ என்று போட்டுவிட்டுப் போகலாம். அதில் தப்பேதும் இல்லை.

மற்றப் பன்மைகள் சுருக்கமாக. ‘கிரைட்டீரியா’ பன்மை, கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒன்று என்றால் ‘கிரைட்டீரியன்’. ‘எர்ராட்டா’ பல பிழைகள், ஒரே பிழை ‘எர்ராட்டம்’. ‘டேட்டா’ லத்தீனில் பன்மை, ஆங்கிலத்தில் இன்று ஒருமையாகவும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ‘அஜெண்டா’வும் ‘செய்ய வேண்டியவை’ என்ற பன்மைதான். அதை ஒருமையாக்கி, மேலே ‘எஸ்’ போட்டு மறுபடி பன்மையாக்கியும் நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதைத் திருத்தப் போகிறவர் வீண் வேலை பார்க்கிறார்.

புள்ளி வைத்த சுருக்கங்கள்

‘ஐ.ஈ.’ என்றால் அதாவது. ‘ஈ.ஜி.’ என்றால் எடுத்துக்காட்டாக. ‘ஆதார ஆவணங்கள், ஐ.ஈ. ரேஷன் கார்டு’ என்று அடித்தால் ரேஷன் கார்டைத் தவிர வேறெதுவும் செல்லாது என்று ஆகிறது. ‘ஈ.ஜி.’ போட்டிருந்தால் மற்றவையும் செல்லும். ஒரே எழுத்தில் மனுதாரரை இரண்டு முறை அலையவிடலாம். ‘எட் செடெரா’வில் ‘எட்’ என்பதே ‘உம்’. அதன் முன்னால் இன்னொரு ‘அண்டு’ போடுவது ‘மற்றும்வும்’ என்பதுபோல. அதைச் சுருக்கும்போது ‘டீ’ நடுவில், ‘சி’ கடைசியில். உச்சரிக்கும்போது ‘எக்’ கிடையாது.

அதிகத் தொந்தரவு தருவது ‘ஏ.எம்.’, ‘பி.எம்.’ உச்சிக்கு முன், உச்சிக்குப் பின் என்று அர்த்தம். ‘காலை 6 ஏ.எம்.’ என்று போடுவது இரட்டை வேலை, ஆனால் ஆபத்தில்லை. ஆபத்து 12 மணியில் இருக்கிறது. இங்கே டிசம்பர் 31 ராத்திரி திருப்புகழ்ப் படித்திருவிழா. வருஷத்தின் நாள் கணக்குக்கு 365 படி. படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைமாரைப் பார்க்கப் போனவர்களைத் தணிகைத் துரையைப் பார்க்கவைக்க வேண்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது. அதற்கு வெளியூர்ப் பஜனைக் குழு ஒன்று நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தது: ‘31-12, இரவு 12 ஏ.எம். அன்னதானம்.’ கணக்கைப் பாருங்கள். 31-ஆம் தேதி 12 ஏ.எம். என்றால் 30-ஆம் தேதி ராத்திரி முடிந்து 31 பிறக்கிற நேரம். நோட்டீஸை நம்பி வருகிறவன் ஒருநாள் முன்னாலேயே இலை தேடுவான். ‘12 பி.எம்.’ என்று மாற்றலாமா என்று கேட்டார்கள், அது நடுப்பகல். கடைசியில் ‘31-12 இரவு 11.45 முதல்’ என்று அடித்தோம். நள்ளிரவு நிகழ்ச்சிக்கு 12 என்ற எண்ணையே தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் ‘31 இரவு, 1 விடியுமுன்’ என்று தமிழில் போடுங்கள்.

ஊர்ப் பெயரும் இனிஷியலும்

முருகன் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை, தணி என்பது இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும் கதை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சண்டை. ரயில்வே போர்டில் நடுவில் ‘டீ’ இரண்டு, எச் இல்லை. கடைப் போர்டுகளில் ‘டீ’யோடு எச் சேர்த்து நாலைந்து விதம். ரயில்வேயின் எழுத்துக்கூட்டலில் ஒரு தமிழ் இலக்கணம் ஒளிந்திருக்கிறது: திரு + தணி என்று சேரும்போது நடுவில் ‘த்’ மிகுகிறது. அந்த மிகும் ஒற்றுதான் இரண்டாவது ‘டீ’. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் என் பிடித்தம் மனுவில் செல்லாது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாக் காகிதத்திலும் அடியுங்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால் விண்ணப்பப் படிவத்தின் ‘இனிஷியல்’ கட்டத்தில் இரண்டு வழக்கங்கள் மோதும். ‘இனிஷியம்’ என்றால் லத்தீனில் தொடக்கம். எதன் தொடக்கம் என்பதுதான் கேள்வி. தமிழ்க் குடும்பத்தில் அப்பா பெயரின் தொடக்கம். தெலுங்குக் குடும்பத்தில் இண்டிப் பேரு, அதாவது வீட்டுப் பெயரின் தொடக்கம். 1888 செப்டம்பர் 5 அன்று இந்த ஊரில் பிறந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணனின் அப்பா பெயர் வீராசாமி. ‘எஸ்’ என்பது சர்வேபள்ளி, நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். அவர் மகன், வரலாற்றாசிரியர் கோபால், ‘ஆர். கோபால்’ ஆகவில்லை, அவரும் ‘எஸ்’தான். ஆகவே எதிரே நிற்பவரிடம் “இனிஷியல் என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அந்த எழுத்து அப்பா பேரா, வீட்டுப் பேராங்க?” என்று கேளுங்கள். பாஸ்போர்ட் படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்துக்கு வரும்போது இந்த ஒரு கேள்வி நூறு ரூபாய் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒலி ஒத்தால் உறவா?

மூலச்சொல் தேடும் ஆசை வந்தவர்களுக்கு முதலில் வரும் வியாதி, கேட்ட மாத்திரத்தில் உறவு கொண்டாடுவது. சென்னை–திருப்பதி பஸ் போர்டில் தமிழில் ‘வழி’, ஆங்கிலத்தில் ‘வியா’. உடனே ‘பார்த்தீங்களா, வழிதான் வியா ஆச்சு’ என்பார் ஒருவர். ‘வியா’ என்பது லத்தீனில் பாதை. ஆம்னிபஸ் போலவே அதுவும் உருபேற்று ‘பாதையால்’ என்று நிற்கிறது. நம் ‘வழி’ திராவிடக் குடும்பம். இடையில் எந்தப் படிக்கட்டும் இல்லை. ‘ரசீது’ம் ‘ரிசீட்’டும் இதைவிட ஏமாற்றும். ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது, ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள். ரிசீட் லத்தீன் வழி வந்தது. அதில் வாய் திறக்காமல் நிற்கும் ‘பி’ லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிறகு சொருகியது. அதனால் ‘பி’யை விடாதீர்கள், சி-க்குப் பிறகு ஈ, அதன் பின்னேதான் ஐ.

படிக்கட்டு இருக்கிற உறவுகளும் உண்டு. மாங்காய் போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது. ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் தோப்புத் தோப்பாக நிற்கும் அந்த மரத்துக்கு 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் ‘மாங்கிஃபெரா இண்டிகா’: மாங்காயைத் தாங்குபவள், இந்தியாவைச் சேர்ந்தவள். முன்பாதி நம்முடையது, பின்பாதி லத்தீன்.

பள்ளிக் கண்காட்சிச் சார்ட்டுக்கு இந்தப் பெயர்களை அடிக்கும்போது முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து, இரண்டாவது சின்ன எழுத்து, இரண்டும் சாய்வெழுத்து. புளியமரத்தில் மட்டும் கை தடுமாறும். ‘டாமரிண்டஸ்’ என்று ஆண்பால்போல முடிகிறதே, அடுத்தது ‘இண்டிகஸ்’தானே வரவேண்டும் என்று தோன்றும். லத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்பால்; அதனால் ‘இண்டிகா’. அந்த ‘டாமரிண்டஸ்’ அரபியின் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை. ஆக அரபியில் ஒருமுறை, லத்தீனில் ஒருமுறை என்று ‘இந்தியா’ இரண்டு தடவை வந்துவிட்டது, ‘நடுசென்டர்’ என்று நாம் சொல்வதுபோல. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா.